அமானிதமும் ஆதரவும்



சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன், சுபாங் ஜெயாவில் நாம் வழமையாகத் தொழும் ஸுராவில் நடந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரையை எழுதக் காரணமாயிற்று. இஷாத் தொழுகைக்குப் பின் அன்று பொறுமையைப் பற்றி ஒரு பயான் நடைபெற்றது. அது முடிந்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு வாலிபர் எழுந்து நின்றார். பந்தார் சன்வேயில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளை. "ஹஜ்ரத், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒருவனுக்கு அடிக்கடி வந்தால், அவனுடைய ஈமான் போய்விட்டது என்று அர்த்தமா?" என்று கேட்டார்.

சபையில் ஒரு நிமிஷம் நிசப்தம். பிறகு முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "அஸ்தஃபிருல்லாஹ்! அப்படியெல்லாம் பேசாதே தம்பி. அது ஷைத்தானுடைய வேலை" என்றார். மற்றொருவர், "தற்கொலை ஹராம், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?" என்றார். ஹஜ்ரத் வாய் திறப்பதற்குள் அவ்வாலிபர், "இல்லை பாய், ஒரு சிநேகிதனுக்காகத்தான் கேட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாமும் அச்சபையில் இருந்தோம். நாமும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர்கள் சொன்ன விடை பிழையன்று. ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையுமன்று. தற்கொலை ஆகுமா ஆகாதா என்று அப்பிள்ளை கேட்கவில்லை. ஆகாது என்பது அவருக்கு மதரஸா நாளிலிருந்தே தெரியும். இப்படி நினைப்பு வருகிறவனுக்கு இந்தச் சபையில் இன்னும் இடமுண்டா என்பதே அவருடைய கேள்வி. நமது மார்க்கம் நமது வாலிபர்களை இந்தப் பெருந்துயரிலிருந்து காக்கிறதா, காக்கிறதெனில் எவ்விதம் காக்கிறது, எப்போது காக்கத் தவறுகிறது என்பதை ஒளிவுமறைவின்றி ஆராய்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

முதலில் நிலவரத்தைக் கவனிப்போம். நமது நாட்டுச் சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் பள்ளி மாணவரிடையே ஒரு தேசிய ஆய்வு நடத்தியது. 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 13.1 விழுக்காட்டினர், முந்திய ஓராண்டுக்குள் தற்கொலையைப் பற்றி எண்ணியதுண்டு என்று எழுதிக் கொடுத்தனர். முயன்றதுண்டு என்று எழுதியவர்கள் 9.5 விழுக்காடு. 2017ல் இதே ஆய்வு நடந்தபோது இவ்வெண்கள் முறையே 10.0, 6.9 என இருந்தன. எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவர்களில் ஒரு பிள்ளைக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது என்பது இதன் பொருள். நாட்டுப் பள்ளி மாணவரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆகையால் இது அடுத்த வீட்டு விஷயம் என்று நாம் கதவைச் சாத்திக்கொள்ள இயலாது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இதில் ஒரு தனி நிலையும் உண்டு. இந்நாட்டில் தற்கொலையால் இறந்தோரைப் பற்றிய பதிவேடுகளை நோக்கினால், ஜனத்தொகையில் தம் பங்கைக் காட்டிலும் மிகுதியாக இந்தியர் காணப்படுவதும், மலாய்க்காரர் தம் பங்கைக் காட்டிலும் குறைவாகக் காணப்படுவதும் பல்லாண்டாக அறியப்பட்ட விஷயங்கள். மொழியாலும் இனத்தாலும் நாம் முதற்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்; மார்க்கத்தால் இரண்டாவது கூட்டத்தோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். நம் பிள்ளைகளிடம் இரண்டு பாரம்பரியங்கள் சந்திக்கின்றன.

தமிழ்ப் பாரம்பரியம் மானத்தை உயிரினும் மேலாகப் போற்றி வந்திருக்கிறது. புதல்வர்களோடு மூண்ட பகையால் மனம் நொந்து கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்ததைப் புறநானூற்றால் அறிகிறோம். அவனைக் கண்டிராமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் அவனைத் தொடர்ந்து உயிர் நீத்ததையும் புலவர்கள் வியந்து பாடினர். அந்த இலக்கியத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது நம் மொழியின் செல்வம். ஆனால் மானம் போனால் உயிர் போகவேண்டும் என்ற கருத்து இன்று மன்னர்களின் வாழ்வில் இல்லை. பரீட்சையில் தேறாத பிள்ளையின் மனத்திலும், கடன்காரன் வாசலில் வந்து நின்ற வீட்டிலும், கல்யாணப் பேச்சு முறிந்த பெண்ணின் அறையிலும் அது குடியிருக்கிறது. "நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்ற சொல், தொப்பி அணிந்த வீட்டிலும் ஒலிக்கிறது, முக்காடிட்ட வீட்டிலும் ஒலிக்கிறது.

இதற்கு இஸ்லாம் கூறும் மறுமொழி ஒரே சொல்லில் அடங்கும். அது அமானிதம். உயிர் நமது சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். ஒப்படைக்கப்பட்ட பொருளை அழிக்க, வைத்திருப்பவனுக்கு உரிமையில்லை. திருமறையின் நான்காம் அத்தியாயம் 29ஆம் வசனம் உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்று தடுத்துவிட்டு, அதே மூச்சில் அல்லாஹ் உங்கள்மீது கிருபையுள்ளவன் என்ற கருத்தையும் சேர்த்தே கூறுகிறது. தடையும் கிருபையும் அங்கே ஒரே வசனத்தில் இணைந்து நிற்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். நம்மில் பலர் முதற்பாதியை மட்டும் ஓதிக் காட்டிவிட்டு, இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம்.

அமானிதம் என்ற கருத்தில் வாலிபர்கள் காணவேண்டிய ஆறுதல் ஒன்றுண்டு. உயிர் நமது சொத்தாயிருந்தால், அதன் மதிப்பையும் நாமே நிர்ணயிக்கவேண்டியிருக்கும். பரீட்சையில் தேறினால் ஒரு விலை, தேறாவிட்டால் ஒரு விலை. வேலை கிடைத்தால் ஒரு விலை, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. பிறருடைய வாய்ச்சொல் நம் விலையை ஏற்றும், இறக்கும். ஆனால் ஒப்படைத்தவன் மதித்து ஒப்படைத்த பொருளின் விலையைக் குறைக்க, ஒரு கல்லூரியின் மதிப்பெண் பட்டியலுக்கு ஏது அதிகாரம்? உறவினர் ஏளனத்துக்குத்தான் ஏது அதிகாரம்? "உன் உயிரை எடுக்க உனக்கு உரிமையில்லை" என்ற கண்டிப்பான சொல்லுக்குள், "உன் உயிர் வீண் என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை" என்ற அன்பான சொல் மறைந்திருக்கிறது. இதையும் சேர்த்துச் சொன்னாலன்றி நாம் மார்க்கத்தை முழுமையாகச் சொன்னவர்கள் ஆகமாட்டோம்.

சரி, தடை மட்டும் போதுமா? இக்கேள்வியை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம். 1897ல் அவர் தற்கொலையைப் பற்றி எழுதிய நூலில், ஐரோப்பாவில் கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் தற்கொலை மிகுந்திருப்பதைக் குறிப்பிட்டார். இரு சபைகளும் அதை ஒன்றுபோலவே பாவம் என்கின்றன. தடை ஒன்றாயிருக்க, விளைவு ஏன் வேறுபடுகிறது? சபை தன் மக்களை எவ்வளவு நெருக்கமாகப் பிணைத்து வைத்திருக்கிறது என்பதே வித்தியாசம் என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய கணக்குகளைப் பின்வந்தோர் ஆட்சேபித்ததுண்டு. வெட்கத்தால் மறைக்கப்படும் மரணங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது உண்மையே. நம் சமூகத்தின் குறைந்த எண்ணிக்கைக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.

நம் காலத்து ஆய்வு ஒன்றும் உண்டு. மதத்துக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வெளிவந்த பல ஆய்வுகளை அமெரிக்க மனநல அறிஞர் மூவர் திரட்டிப் பரிசீலித்து, 2016ல் தம் முடிவை வெளியிட்டனர். ஒரு மதத்தைச் சார்ந்திருப்பது தற்கொலை எண்ணம் வராமல் காக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் முயற்சியிலிருந்து அது காக்கிறது என்பது அவர்கள் கண்டது. எளிய தமிழில் சொன்னால், நம்பிக்கை எண்ணத்தைத் தடுக்காமலிருக்கலாம், கையைத் தடுக்கிறது.

இது ஸுராவில் எழுந்த கேள்விக்கு நேரான விடையல்லவா? நினைப்பு வந்ததனால் ஈமான் போய்விட்டது என்று பொருளில்லை. காய்ச்சல் முஃமினுக்கும் வரும், துக்கமும் வரும், வாழ்வே பாரமாகத் தோன்றும் நேரமும் வரும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் ஈமானின் வேலை. அப்பிள்ளை எழுந்து நின்று கேட்டதே ஈமான் அவரிடம் வேலை செய்துகொண்டிருந்ததற்கு அடையாளம். நாமோ அது போய்விட்டதோ என்று அவரே ஐயுறும்படி செய்து அனுப்பினோம்.

திருமறை சொல்லும் சரித்திரங்களை எண்ணிப் பாருங்கள். மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், பேரீச்சமரத்தடியில் தன்னந்தனியாக இருந்தபோது, இதற்கு முன்பே தாம் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக்கூடாதா என்று ஏங்கினார்கள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இவ்வரலாறு வருகிறது. அதற்கு வந்த மறுமொழி என்ன? கண்டனமா? இல்லை. கவலைப்படவேண்டாம் என்ற ஒரு குரல். காலடியில் ஓடும் நீர். உலுக்கினால் உதிரும் கனிந்த பழம். உண்ணுங்கள், பருகுங்கள், கண் குளிருங்கள் என்ற கருத்தில் அமைந்த ஆறுதல். ஊராருக்குப் பதில் சொல்லும் பாரத்தைக்கூட அந்நேரத்தில் அவர்கள்மீது சுமத்தவில்லை; பேசாதிருக்க வழி காட்டப்பட்டது. துயரத்தின் உச்சியில் இருப்பவருக்கு முதலில் தேவை ஆதரவும் ஆகாரமும், பிறகுதான் உபதேசம். யாக்கூப் நபி (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுது அழுது கண் வெளிறிப் போனார்கள். அவர்கள்தாம் அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்ளாதீர்கள் என்றும் தம் மக்களுக்குப் போதித்தார்கள். அழுகையும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

துன்பத்தினால் மரணத்தை விரும்பவேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம். ஆனால் அதே ஹதீஸில், ஒருவனால் ஏதேனும் சொல்லாமல் இருக்கவே முடியாதாயின் என்ன சொல்லலாம் என்றும் கற்றுக் கொடுத்தார்கள்: வாழ்வு நன்மையாயிருக்கும் வரை வாழவைக்கும்படியும், மரணம் நன்மையாகும்போது அதைத் தரும்படியும் இறைவனிடமே முடிவை ஒப்படைக்கும் ஒரு துஆ. முடிவை ஒப்படைத்தபின் மனிதனுடைய கையில் எஞ்சுவது வாழும் கடமையே. தடுத்துவிட்டு வாயை அடைத்துவிடவில்லை; பேசுவதற்கு வார்த்தை கொடுத்தார்கள். நாம் தடையை வாங்கிக்கொண்டோம். வார்த்தையைக் கொடுக்க மறந்தோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "இப்படியெல்லாம் இரக்கம் பேசினால் தடை தளர்ந்துவிடாதா? பயம் இருப்பதால்தானே நம் பிள்ளைகள் தப்புகிறார்கள்? அந்தப் பயத்தையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" இது அலட்சியம் செய்யத்தக்க ஆட்சேபமன்று. பயத்தால் நின்ற கைகள் உண்டு. அவை நின்றதற்காக நாம் அல்லாஹ்வைப் புகழ்கிறோம். ஆனால் பயம் மட்டும் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். இறைவன் என்னைத் தண்டிக்கிறான், என்னைக் கைவிட்டுவிட்டான் என்று துன்பத்தைப் பொருள்கொள்கிறவர்களின் மனநிலை மேலும் சீர்குலைவதை, சமயத்தையும் மனத்தையும் ஆராய்ந்த கென்னத் பர்கமென்ட் போன்ற அறிஞர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். துன்பத்தை இறைவனோடு சேர்ந்து தாங்குவதாக எண்ணுகிறவர்களோ தேறுகிறார்கள். எந்த இறைவனைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தோம் என்பதில்தான் பெரும் வித்தியாசம் இருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறை இதில் நமக்கு ஒளி. தன்னை மாய்த்துக்கொண்ட ஒருவருக்குத் தாங்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அது பிறருக்கு எச்சரிக்கையாகச் செய்யப்பட்டது. ஸஹாபாக்கள் தொழுதார்கள் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். இமாம் அபூஹனீஃபா, இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ முதலான பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு, அத்தகையவருக்கும் ஜனாஸாத் தொழவேண்டும் என்பதே. செய்த காரியம் பெரும் பாவம், செய்தவர் முஸ்லிம்.

அதே ஸஹீஹ் முஸ்லிமில் மற்றொரு வரலாறும் உண்டு. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அவருடைய கூட்டத்தார் ஒருவர் நோய்வாய்ப்பட்டார். வேதனை பொறுக்காமல் தம் கையாலேயே தம் உயிர் போகக் காரணமானார். பிறகு துஃபைல் (ரலி) அவரைக் கனவில் கண்டார். ஹிஜ்ரத்தின் பொருட்டால் அவர் மன்னிக்கப்பட்டிருந்தார். ஆனால் கைகள் மூடப்பட்டிருந்தன. அவர் கெடுத்துக்கொண்டது சரிசெய்யப்படாது என்று அறிவிக்கப்பட்டதாம். இக்கனவைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அந்தக் கைகளுக்காகவும் பாவமன்னிப்பு வேண்டி இறைவனிடம் துஆச் செய்தார்கள்.

இவ்வரலாற்றை எவரும் அனுமதியாகக் கொண்டுவிடக்கூடாது. கைகள் கெட்டது கெட்டதுதான் என்ற எச்சரிக்கை அதில் தெளிவாக இருக்கிறது. தம் முடிவு இன்னதாகும் என்று கணக்குப் போட நம்மில் எவருக்கும் இயலாது. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் அச்செய்தியைக் கேட்டவுடன் செய்தது என்ன என்பதையே நாம் பார்க்கிறோம். தீர்ப்புக் கூறவில்லை, கையேந்தினார்கள். அவர்களுடைய உம்மத்தாகிய நாம், இறந்துபோனவருடைய வீட்டு வாசலில் நின்று கிசுகிசுப்பதும், அந்தத் தாயிடம் ஸலாம் சொல்லத் தயங்குவதும் எந்த ஸுன்னத்தைச் சேர்ந்தது?

எச்சரிக்கை பொதுச் சபைக்கு, இரக்கம் துன்பப்படுகிறவனுக்கு என்று பிரித்துக்கொள்ளலாமே என்று சிலர் கூறக்கூடும். அழகான யோசனைதான். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. துன்பப்படுகிறவன் வேறெங்கும் இல்லை. அந்தப் பொதுச் சபையிலேயே, பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் எவன் என்று நமக்குத் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு பயானிலும் எச்சரிக்கையும் இரக்கமும் சேர்ந்தே இருக்கவேண்டும், அந்தத் திருவசனத்தில் சேர்ந்திருப்பது போல.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "துஆச் செய், குர்ஆன் ஓது, சரியாகிவிடும், பைத்தியக்கார டாக்டரிடம் போவானேன்?" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. துஆவின் சக்தியை நாம் மறுக்கவில்லை. ஆனால் வைத்தியம் செய்துகொள்ளுங்கள், அல்லாஹ் எந்த நோயையும் மருந்தின்றி இறக்கவில்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, மனநோயை மட்டும் அதிலிருந்து விலக்கியது யார்? கிபி 934ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்ற பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துக்கம் ஒன்று என்று அவர் அன்றே பிரித்துக் காட்டினார். 1284ல் கெய்ரோவில் ஸுல்த்தான் கலாவூன் நிறுவிய வைத்தியசாலையில் மனநோயாளிகளுக்கென்று தனிப்பகுதி இருந்தது. மனநோய்க்கு வைத்தியம் தேடுவது நமக்கு அந்நிய வழக்கமன்று. நாம் மறந்துபோன நமது சொந்த வழக்கம்.

சட்டத்தையும் பார்ப்போம். தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையிலிடலாம், அபராதம் விதிக்கலாம் என்று நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு கூறிவந்தது. இது 1860ல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய சட்டத்தின் வழி வந்தது. இங்கிலாந்து 1961லேயே தன் நாட்டில் அதைக் கைவிட்டது. இலங்கை 1998ல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் அது குற்றமில்லை. மலேசிய நாடாளுமன்றம் 2023ல் 309ஆம் பிரிவை நீக்கியது. முன்பு, பிழைத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வருமே என்று அஞ்சிய பெற்றோர் உண்டு. அந்த அச்சத்தைச் சர்க்கார் எடுத்துவிட்டது. அதனால் தற்கொலை நல்லதென்று சர்க்கார் சொல்லிவிட்டதாகப் பொருளில்லை. விழுந்தவனை அடிக்காமல் தூக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சர்க்கார் திறந்த கதவை ஜமாஅத் மூடி வைத்திருக்கலாமா?

இன்றைய சுபாங் ஜெயா முன்னாளில் சீபீல்ட் ரப்பர்த் தோட்டம். 1976ல் நகர நிர்மாணம் ஆரம்பமாயிற்று. 2020ல் மாநகராட்சி ஆயிற்று. தோட்ட லயங்களில் வறுமை இருந்தது, கஷ்டம் இருந்தது; அக்காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். இன்று அதே மண்ணில் இருபது மாடி உயர்ந்த கட்டடத்தில் ஒரு பிள்ளை நான்கு நாள் அறையை விட்டு வெளிவராவிட்டாலும், எதிர்வீட்டுக்குத் தெரிவதில்லை. ஜும்ஆவில் தோளோடு தோள் உரச நிற்கிறோம். ஸலாம் கொடுத்ததும் கார் சாவியைத் தேடுகிறோம். நமது பிணைப்பு தொழுகை வரிசையோடு நின்றுவிட்டால், ஈமான் பிடித்து நிறுத்தவேண்டிய அந்தக் கைக்கு நம்முடைய கை எட்டாது.

ஆகவே சில காரியங்களை ஜமாஅத்தார் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். பயான் செய்வோர், தற்கொலை ஹராம் என்று சொல்லும் அதே நேரத்தில், அத்தகைய எண்ணம் வந்தவர் தொழுகைக்குப் பின் வந்து பேசலாம், எவரிடமும் சொல்லமாட்டோம் என்றும் சொல்லவேண்டும். பெற்றோர், பிள்ளை முகம் வாடியிருந்தால் மதிப்பெண்ணைக் கேட்குமுன் மனத்தைக் கேட்கவேண்டும். சந்தேகம் தோன்றினால், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா மகனே?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்பது வீண் பயம். கேட்டதால் பாரம் இறங்கியவர்களே அதிகம் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். ஆம் என்று பதில் வந்தால் பதறவேண்டாம், திட்டவேண்டாம், தனியே விடவேண்டாம்; உடனிருந்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். வாலிபர்களும், "யாரிடமும் சொல்லாதே" என்று ஒரு சிநேகிதன் சத்தியம் வாங்கிக்கொண்டு இதைச் சொன்னால், அந்த இரகசியத்தைக் காப்பதைவிட அவன் உயிரைக் காப்பதே அமானிதம் என்று அறிந்து, நம்பகமான ஒரு பெரியவரிடம் சொல்லவேண்டும்.

இரவு நேரத்தில் பேச ஆளில்லையே என்பவர்களுக்காகச் சொல்கிறோம். 1970 முதல் கோலாலம்பூரில் சேவை செய்துவரும் பிஃப்ரெண்டர்ஸ் எனும் தொண்டு நிறுவனத்தை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555. உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 999. இவ்வெண்களை ஸுராவின் அறிவிப்புப் பலகையில், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைக்கத் தடை ஏதும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

அந்த வாலிபர் என்ன ஆனார் என்று நேயர்கள் கேட்பீர்கள். மறுவாரம் அவர் தொழுகைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் நாமே விசாரித்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்தவர் நம்மைக் கண்டு திகைத்தார். மார்க்கம் ஒன்றும் பேசவில்லை. "சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்டோம். இல்லை என்றார். கீழே கடையில் ரொட்டியும் தேநீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து, "பாய், நான் கேட்டது சிநேகிதனுக்காக இல்லை" என்றார். "தெரியும் தம்பி. அன்று பேசாமல் இருந்தது எங்கள் தவறு" என்றோம். பிறகு அவர் பேசினார், நாம் கேட்டோம். இப்போது வைத்தியம் பார்த்துவருகிறார். நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். முன்வரிசைப் பெரியவரும் இவ்விஷயமறிந்து வருந்தி, இப்போது வாரம் ஒரு முறை அவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார்.

உயிர் அமானிதம் என்று நாம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அந்தப் பிள்ளைகளே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை யார் நமக்குப் போதிப்பது? நாளை மறுமையில் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒருபுறமிருக்க, நம்மிடமும் ஒரு கேள்வி கேட்கப்படும்: அவன் எழுந்து நின்று கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வாடிய உள்ளங்களுக்கு ஆறுதலையும், அவர்களோடு உட்கார்ந்திருக்கும் பொறுமையை நமக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.